கரிமரு கற்பித்த பாடம்

நெஞ்சினுள்ளும் வயிற்றினுள்ளும் தோன்றும் நோய்கள் கண்ணுக்குப் புலனாகாமல் வளர்கின்றன. ஈரலில் ஒரு கட்டி எழுந்தால் அது பெருத்துத் துன்பம் தரும்வரை நோயாளி அதனை அறிவதில்லை. தோலில் தோன்றும் புற்றோ அத்தகையதன்று. அது வெளியே தோன்றுகிறது; கையால் தொடக்கூடியதாய் இருக்கிறது; நாள்தோறும் குளிக்கும்பொழுது கண்ணில் படுகிறது. அவ்வாறிருந்தும் தோற்புற்றினால் மாண்டவர் தொகை மருத்துவ வரலாற்றில் சிறிதன்று. கண்முன் இருந்த நோய் காணப்படாமற் போனது எங்ஙனம்?

உண்மையில் அது காணப்படாமற் போகவில்லை. கண்டவர்கள் தமக்குத் தெரிந்த ஒரு பெயரை அதற்கு இட்டார்கள். ‘இது மரு’, ‘இது மச்சம்’, ‘இது பழைய காயம்’ என்று பெயர் சூட்டிய அளவில் ஆராய்ச்சி நின்றுவிட்டது. தவறான பெயர் ஒன்று எத்துணை உயிர்களைக் கொள்ளும் என்பதற்கு இங்கிலாந்து நாட்டுப் புகைபோக்கிச் சிறுவரின் வரலாறு தக்க சான்றாகும்.

இலண்டன் நகரப் புகைபோக்கிகள்

1666-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைப் பெருந்தீ அழித்தது. நகரம் மீண்டும் கட்டப்பட்டபொழுது வீடுகள் செங்கல்லால் எழும்பின. குளிர்காய நிலக்கரி எரிப்பதும் பெருகிற்று. கரியடுப்பின் புகையை வெளியேற்றக் குறுகிய புகைவழிகள் சுவர்களுக்குள் வளைந்தும் நெளிந்தும் அமைக்கப்பட்டன. 9 அங்குல நீளமும் 9 அங்குல அகலமுமே கொண்ட வழிகளும் அவற்றுள் இருந்தன. அவற்றில் படியும் கரியைச் சுரண்டி எடுக்காவிடில் வீடு தீப்பற்றும். அவ்வளவு குறுகிய வழியில் வளர்ந்த ஆள் நுழைய இயலாது. ஆகவே சிறுவர்கள் ஏற்றப்பட்டனர்.

இவர்கள் பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகள்; பெற்றோரை இழந்தவர்கள்; தொழில் பழகுவதற்கு என்று சொல்லி எசமானர்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். முழங்கையாலும் முழங்காலாலும் சுவரை உந்தி ஏறுவதால் அவர்கள் உடல் சிராய்ந்து புண்ணாகும். பலர் ஆடையின்றியே ஏறினர். இரவில் கரி மூட்டைகளே அவர்களுக்குப் பாயும் போர்வையும் ஆயின. குளிப்பதோ எப்பொழுதோ ஒருமுறை. உடலின் மடிப்புகளில் புகுந்த கரி நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் அங்கேயே தங்கிற்று.

பெர்சிவல் பாட் கண்டது

இலண்டன் செயின்ட் பார்த்தலமியூ மருத்துவமனையில் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றினார். 1714-இல் பிறந்து 1788-இல் மறைந்த இவர், அக்காலத்துத் தலைசிறந்த அறுவை மருத்துவருள் ஒருவர். ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து இவருடைய கால் முறிந்தது. காலையே வெட்டி எடுக்க நினைத்த நிலையில், வெட்டாமலே அது காப்பாற்றப்பட்டது. கத்தியை எப்பொழுது எடுக்கலாகாது என்பதைத் தம் உடலிலேயே கண்டவர், கத்தியை உடனே எடுக்கவேண்டிய இடம் ஒன்றையும் உலகிற்குக் காட்டினார்.

1775-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அறுவை மருத்துவக் குறிப்புகளில் ஒரு சிறு பகுதி, புகைபோக்கி துடைப்பவர்க்கு விதைப்பையில் வரும் புற்றைப் பற்றியது. அந்நோய் எப்பொழுதும் விதைப்பையின் அடிப்பகுதியிலேயே தொடங்குகிறது என்றும், முதலில் மேலோட்டமான, வலியுடைய, ஒழுங்கற்ற புண்ணாகத் தோன்றுகிறது என்றும், அதன் ஓரங்கள் தடித்து உயர்ந்திருக்கும் என்றும் பாட் விளக்கினார். தோலின் சுருக்கங்களில் கரி தங்குவதே அதற்குக் காரணம் என்று துணிந்து கூறினார். ஒரு தொழிலே ஒரு புற்றுக்குக் காரணமாகலாம் என்பதை மருத்துவ உலகம் முதன்முதலாகத் தெளிவுறக் கண்டது இந்தக் குறிப்பிலேதான்.

மேகநோய் என்ற பெயர்

இந்நோய் பாட் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அதற்குக் ‘கரிமரு’ என்று பொருள்படும் பெயரையும் வழங்கிவந்தனர். மரு என்பது யாருக்கும் வரக்கூடியது. உயிருக்குக் கேடு செய்யாதது. ஆகவே கரிமருவும் தொழிலோடு வரும் ஒரு சிறு தொல்லையாகவே கருதப்பட்டது.

மருத்துவர்கள் இட்ட பெயரோ இன்னும் கொடியது. பருவம் எய்தாத சிறுவரிடம் இதனைத் தாம் கண்டதில்லை என்று பாட் எழுதுகிறார். பருவம் எய்திய பின்பு அந்த உறுப்பில் தோன்றியமையால், நோயாளியும் மருத்துவரும் ஒருங்கே இதனை மேகநோய் என்று எண்ணினர். மேகநோய்க்கு அக்காலத்து மருந்து பாதரசம். பாதரசம் கொடுத்தனர், புண் ஆறுவதற்கு மாறாக மேலும் சீறிற்று. சிறுவயதில் உடலில் ஏறிய கரி, பல்லாண்டுகள் கழித்தே புற்றாக எழுகிறது என்னும் உண்மையை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. விதைக்கும் அறுவடைக்கும் இடையே இருந்த அந்த நீண்ட காலமே எல்லோரையும் ஏமாற்றியது.

தவறான பெயரால் கழிந்த மாதங்களில் நோய் விதைக்குப் பரவும். தொடை இடுக்கில் நெறி கட்டும். பின்னர் வயிற்றினுள் ஏறும். அந்நிலையில் விதையை அகற்றியும் பயனில்லை என்பதைப் பாட் கண்டார். புண் ஆறி, நலமுற்றவராய் வீடு திரும்பியவர்களே சில மாதங்களில் மறுபடியும் நோயோடு வந்தனர். ஆகவே, நோய் தோலின் அளவில் நிற்கும்பொழுதே அந்தப் பகுதியை உடனே வெட்டி அகற்றவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

நூறாண்டுத் தாமதம்

காரணம் 1775-இல் தெரிந்துவிட்டது. அதனை நீக்குவதற்கு எத்துணைக் காலம் ஆயிற்று? 1788-இல் ஒரு சட்டம், எட்டு வயதுக்குட்பட்ட சிறுவரை இத்தொழிலில் சேர்க்கலாகாது என்றது. ஆனால் அதனை நடைமுறைப்படுத்துவார் இல்லை. 1840-இல் வந்த சட்டம், இருபத்தொரு வயதுக்குட்பட்ட எவரும் புகைபோக்கியில் ஏறலாகாது என்றது. அதுவும் பரவலாக மீறப்பட்டது. 1864-இல் தண்டனை கடுமையாக்கப்பட்டது. 1875-இல் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையின் புகைபோக்கியில் சிக்கி ஒரு சிறுவன் உயிரிழந்தான். அவ்வாண்டிலேயே ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால், புகைபோக்கி துடைப்போர் காவல்துறையிடம் உரிமம் பெறவேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரே சிறுவர் ஏறுவது நின்றது.

மருத்துவர் எழுதிய ஆண்டு 1775. சட்டம் பலித்த ஆண்டு 1875. இடையில் நூறு ஆண்டுகள். மருத்துவ அறிவு நூலில் இருந்தால் மட்டும் போதாது, அது மக்கள் கைக்கு வந்து சேரவேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

சிறுவர் ஏறுவது நின்ற பின்பும், முன்பு ஏறியவர்களுக்கு நோய் வந்துகொண்டிருந்தது. 1892-இல் ஹென்றி பட்லின் என்னும் இலண்டன் மருத்துவர் ஒரு கேள்வியை எழுப்பினார்: இங்கிலாந்தில் மிகுந்துள்ள இந்நோய் ஐரோப்பாவின் பிற நாடுகளில் அரிதாய் இருப்பது ஏன்? அங்குள்ள தொழிலாளர் உடலை இறுக மூடும் ஆடை அணிந்தனர். வேலை முடிந்ததும் உடலைக் கழுவித் தூய்மை செய்தனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சோப்பும் நீரும் தடுக்கக்கூடியதாய் இருந்த நோய்க்கு இத்தனை பேர் பலியாயினர் என்பது அதனால் வெளியாயிற்று.

கரியிலிருந்து கீலுக்கு

கரியில் கண்ட நஞ்சு பிற தொழில்களிலும் தலைகாட்டிற்று. 1875-இல் ஜெர்மனியில் வோல்க்மன் என்னும் மருத்துவர் நிலக்கரிக் கீலில் வேலை செய்வோரிடம் தோற்புற்றைக் கண்டார். 1876-இல் எடின்பரோவில் ஜோசப் பெல் பாரபின் தொழிலாளரிடம் அதனையே கண்டார். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் கதைமாந்தருக்கு முன்மாதிரியாய் விளங்கியவர் இந்த ஜோசப் பெல்லே. 1922-இல் மான்செஸ்டர் மருத்துவர் இருவர், பருத்தி ஆலைகளில் நூற்பு எந்திரத்தின் எண்ணெய் ஆடையில் ஊறிய தொழிலாளருக்கும் விதைப்பையில் புற்று வருவதை எழுதினர்.

ஐயத்தை ஆய்வுக்கூடத்தில் தீர்த்துவைத்தவர்கள் சப்பானியர். தோக்கியோவில் யாமகிவா, இச்சிகாவா என்னும் இருவர் முயல்களின் காதில் கீலைப் பலமுறை, பல மாதங்கள், சலியாது பூசிவந்தனர். இடையில் நிறுத்தியிருந்தால் ஒன்றும் கண்டிருக்க முடியாது. 1915-இல் அவர்கள் முயலின் காதில் உண்மையான புற்று தோன்றியதை உலகிற்கு அறிவித்தனர். 1933-இல் இலண்டன் ஆய்வாளர்கள் கீலினின்று பென்சோபைரீன் என்னும் நச்சுப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தனர். பாட் கண்ணால் கண்டு கூறியதற்கு நூற்றைம்பது ஆண்டுகட்குப் பின் வேதியியல் சான்று கிடைத்தது.

வலியில்லாத புண்ணும் வளரும் மச்சமும்

கரிமரு வலியுடையது. ஆனால் எல்லாத் தோற்புற்றும் வலி கொடுக்கும் என்று எண்ணினால் அதுவும் ஒரு தவறாகும். 1827-இல் டப்ளின் நகர மருத்துவர் ஆர்தர் ஜேக்கப், கண்ணிமையிலும் முகத்திலும் வரும் ஒருவகைப் புண்ணை விவரித்தார். அது மிக மெதுவாகப் பரவுகிறது. பெரிய துன்பம் தருவதில்லை. வெட்டி அகற்றினாலன்றிக் குணமாவதும் இல்லை. வலி இன்மையே அந்தப் புண்ணுக்குக் காவலாக நின்று நோயாளியை மருத்துவரிடம் செல்லவொட்டாமல் தடுத்தது.

கருநிறப் புற்றாகிய மெலனோமாவின் கதையும் பெயர் தெரியாத கதையே. 1787-இல் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், ஒருவரின் தாடைக்கு அருகே மீண்டும் தோன்றிய கட்டியை வெட்டி எடுத்துப் பாதுகாத்து வைத்தார். அது மெலனோமா என்பது 1968-இல்தான் நுண்ணோக்கியால் உறுதி செய்யப்பட்டது. பிரான்சு நாட்டு லேனெக் 1806-இல் அந்நோய்க்கு ஒரு பெயர் தந்தார். இங்கிலாந்தில் ஸ்டூர்பிரிட்ஜ் என்னும் சிற்றூரின் மருத்துவர் வில்லியம் நாரிஸ், 1820-இல் தாம் கண்ட நோயாளியின் தந்தையும் அதே வகை நோயால் மாண்டதையும், பிள்ளைகளுக்கும் மச்சங்கள் மிகுந்திருந்ததையும் குறித்துவைத்தார். 1840-இல் சாமுவேல் கூப்பர், முற்றிய நிலையில் இதற்கு மருந்தில்லை என்றும், தொடக்கத்திலேயே அகற்றுவதே ஒரே வழி என்றும் எழுதினார். பாட் கண்ட முடிவும் கூப்பர் கண்ட முடிவும் ஒன்றே.

ஆனால் தொடக்கத்தில் ஒரு மச்சத்தையும் புற்றையும் பிரித்தறிவது எவ்வாறு? பார்வை மட்டும் போதாது என்பதனால், சிறு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் வைத்துக் காணும் முறை வளர்ந்தது. அதற்குப் ‘பயாப்ஸி’ என்ற பெயரை 1879-இல் வழங்கியவர் பிரான்சு நாட்டுத் தோல் மருத்துவர் எர்னஸ்ட் பெனியே. பெயரை ஊகிப்பதை விடுத்து, நோயையே கேட்டு அறியும் முறை இதுவாகும்.

மில்லிமீட்டர்க் கணக்கு

1970-இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ, மெலனோமா தோலினுள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதை மில்லிமீட்டரில் அளந்தார். நோயாளியின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் அந்த அளவைப் பொறுத்தே அமைகின்றன என்று காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்குள் நிற்கும்பொழுது வெட்டி அகற்றப்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் நலமாக வாழ்கின்றனர். ஆழம் கூடக் கூட அத்தொகை குறைந்துகொண்டே வருகிறது. நாள்களின் அருமையை மில்லிமீட்டரால் உணர்த்தியவர் பிரெஸ்லோ.

1985-இல் நியூயார்க் மருத்துவர்கள், பொதுமக்களும் நினைவில் வைக்கத்தக்க குறிகளை ஆங்கில நெடுங்கணக்கின் ஏ, பி, சி, டி என்னும் நான்கு எழுத்துகளில் அடக்கினர். மச்சத்தின் இரு பாதிகள் ஒத்திராமை, ஓரம் ஒழுங்கற்றிருத்தல், பல நிறம் கலந்திருத்தல், குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மிகுதல் என்பன அவை. 2004-இல் ஐந்தாவதாக ஈ என்னும் எழுத்து சேர்ந்தது. அது மாற்றத்தைக் குறிக்கும்.

இக்குறிகளுக்கும் தப்பும் நோய் உண்டு. ஒருவகை மெலனோமா சிறிய, உருண்டையான, ஒரே நிறமுடைய புடைப்பாகவே எழும். அதனால் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வேறு மூன்று குறிகளைக் கூறினர்: மேலெழும்பி இருத்தல், தொட்டால் கெட்டியாய் இருத்தல், ஒரு மாதத்திற்கு மேல் தொடர்ந்து வளர்தல். 1972-இல் டோக்கர் என்பவர் விவரித்த மெர்க்கல் செல் புற்றும் இத்தகையதே. முதியவர்களின் வெயில்படும் தோலில், வலியின்றி, சிவந்த சிறு கட்டியாகத் தோன்றி விரைவில் பருக்கும். பார்ப்பவர் அதனைச் சாதாரணக் கொப்புளம் என்று விட்டுவிடுவர்.

கறுத்த தோலும் உள்ளங்காலும்

தோற்புற்று வெள்ளையர்க்கே உரியது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கதிரவனின் புறஊதாக் கதிர்கள் எலியின் தோலில் புற்றை உண்டாக்கும் என்று இலண்டனில் பின்ட்லே 1928-இல் காட்டினார். கறுத்த தோலின் நிறமி அக்கதிர்களைப் பெரிதும் தடுக்கிறது. வெயில் மிக்க ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையரிடம் இந்நோய் மிகுந்திருப்பதன் காரணம் அதுவே.

ஆனால் நிறமி குறைந்த இடங்கள் எல்லோர்க்கும் உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமா வெயிலால் வருவதன்று. அதனைத் தனி வகையாக அமெரிக்க மருத்துவர் ரீட் 1976-இல் பிரித்துக் காட்டினார். ஆசியரிடமும் கறுப்பினத்தவரிடமும் மெலனோமா வருமாயின், அது பெரும்பாலும் இவ்விடங்களிலேயே வருகிறது. அன்றியும், ஜேக்கப் கண்ட வகைப் புற்று வெள்ளையர் முகத்தில் முத்துப் போல் பளபளப்பாய் இருக்கும். மாநிறத்தவரிடம் அது பெரும்பாலும் கருநிறமாய்த் தோன்றும். ஆகவே மச்சம் என்ற பெயரில் மறைந்துகொள்வதும் எளிது.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஜமைக்கா நாட்டு இசைவாணர் பாப் மார்லி. அவருடைய கால் பெருவிரல் நகத்தின் அடியில் இருந்த புண், கால்பந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே கருதப்பட்டது. 1977-இல் அது மெலனோமா என்று தெரியவந்தது. விரலை அகற்றிவிடுமாறு மருத்துவர் கூறியதற்கு அவர் இசையவில்லை. நோய் உடலெங்கும் பரவி, 1981-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் தமது 36-ஆம் வயதில் அவர் மறைந்தார். இரு நூற்றாண்டுகட்கு முன் கரிமரு என்ற பெயர் செய்ததை, காயம் என்ற பெயர் இங்கே செய்தது.

தோட்டப்புறங்களில் கால் நகம் கறுத்தால் ‘மண்வெட்டி பட்டிருக்கும்’, ‘கல் தடுக்கியிருக்கும்’ என்று சொல்லி விடுவது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் அடிபட்ட கறுப்பு நகம் வளர வளர முன்னோக்கி நகர்ந்து மறைந்துவிடும். நகராமல் நிற்பதும், கோடாகத் தொடங்கி அகன்று வருவதும், நகத்தைச் சுற்றிய தோலில் கறுப்பு பரவுவதும் அடிபட்டதன் அடையாளமல்ல.

எப்பொழுது காட்டவேண்டும்?

தோலில் எழும் புடைப்புகளில் மிகப் பெரும்பாலானவை கேடற்றவை. மரு, பாலுண்ணி, கொழுப்புக் கட்டி, பிறவி மச்சம் எல்லாம் அஞ்சத்தக்கன அல்ல. ஆகவே ஒவ்வொரு பருவுக்கும் நடுங்கவேண்டியதில்லை. இந்த வரலாற்றின் வழியே மருத்துவ உலகம் கண்டுள்ள குறிகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

புதிதாகத் தோன்றி ஒரு மாதமாக வளர்ந்துவரும் புடைப்பு; நான்கு வாரமாகியும் ஆறாத புண், அல்லது ஆறி ஆறி மீண்டும் உடையும் புண்; காரணமின்றி இரத்தம் கசிவது; வடிவமும் நிறமும் அளவும் மாறும் மச்சம்; உடலின் மற்ற மச்சங்களைப் போலன்றித் தனித்து நிற்கும் ஒன்று; பழைய தீப்புண் தழும்பில் புதிதாக எழும் தடிப்பு; உள்ளங்காலிலோ நகத்தடியிலோ பரவும் கறுப்பு: இவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். வலி இல்லை என்பது காத்திருப்பதற்குக் காரணம் ஆகாது. முதியவர்களுக்கும், நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கும் இவ்விழிப்பு இன்னும் இன்றியமையாதது.

இன்னதென்று தெரியாத மருவுக்குச் சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும், குதிரைமுடி கட்டி அறுப்பதும் ஆகா. மேலே இருப்பது உதிர்ந்துவிடும். அடியில் இருப்பது வளரும். மருத்துவர் ஆராய்வதற்கும் ஒன்றும் எஞ்சாது. மேகநோய்க்கென்று பாதரசம் கொடுத்த அன்றைய மருத்துவர் செய்த பிழையும் இதுவேயாகும். மறைவிடத்தில் தோன்றியதைக் காட்டக் கூசுவோருக்கும் அந்தச் சிறுவரின் வரலாறே விடை கூறும். கூச்சத்தாலும் பழிச்சொல்லாலும் அங்கே கழிந்தவை, கத்தியின் ஒரு சிறு கீறலால் உயிர் பிழைத்திருக்கக்கூடிய மாதங்கள்.

பாட் எழுதியது ஒரு சிறு பகுதியே. அது புகைபோக்கி வரை சென்று சேர நூறாண்டு ஆயிற்று. இன்று அதற்கு அத்துணைக் காலம் வேண்டியதில்லை. உடல்நலப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் இக்குறிகளை வகுப்பில் சொன்னால், அன்று மாலையே அது மாணவர் வாயிலாக வீட்டுக்குச் சென்றுவிடும். பாட்டியின் உள்ளங்காலில் உள்ள கறுப்பை அந்தப் பிள்ளை திருப்பிப் பார்க்கும். அது வெறும் மச்சமாகவே இருக்கலாம். மச்சமே என்று மருத்துவர் வாயால் கேட்டுத் திரும்புவதில் நட்டம் ஒன்றும் இல்லை.